கண் விலகியது

இருபது வருடமாக வேறு யாரும் முழுதாகப் பார்க்காத காணொளியை வீட்டுச் சேமிப்புப் பெட்டி அழித்துவிடும். போட்டவரே பார்ப்பது செல்லாது. ஓய்வுபெற்ற இணை இயக்குநர் நீலமேகம் தம் பதவி உயர்வுப் பாராட்டு விழாவில் ஆற்றிய நாற்பது நிமிட உரையின் காணொளிக்கு இன்று மாலை ஆறு மணி கெடு. யாரையாவது பிடித்து உட்காரவைத்தே தீருவது என்று காலையிலிருந்து அலைந்தார். எதிர்வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் செருப்பை மாட்டினார். வெளியூர் மகள் யாழினி போனையே எடுக்கவில்லை.

ஐந்தேகாலுக்கு மனைவி குமுதவல்லி இரங்கினாள். "நான் பாக்குறேன். அதுக்கு முன்னாடி நான் எடுத்ததை நீங்க பாருங்க. அதுக்கும் இன்னிக்குத்தான் கெடு. நாலே நிமிஷம்."

"சரி, அனுமதிக்கிறேன்," என்று அமர்ந்தார்.

திரையில் ஒரு வயது யாழினி முதல் அடி வைத்தாள். விழுந்தாள். எழுந்து வாசல்வரை நடந்து, "அப்பா" என்றாள். வாசலில் யாருமில்லை.

நீலமேகம் திரும்பினார். "நான் எங்க போயிருந்தேன்?"

"அன்னிக்குத்தானே உங்களுக்குப் பாராட்டு விழா."

"கண் விலகியது. முதலிலிருந்து," என்றது பெட்டி.

மறுபடி குழந்தை எழுந்து நின்றது. குமுதவல்லி நியாயமானவள். "இதை நிறுத்திடுறேன். இப்ப போட்டாத்தான் உங்க உரை முடியும்."

"பேசாம இரு," என்றார் நீலமேகம், இமைக்காமல். "மறுபடி விலகிடும்."