இரண்டு சக்கரம்

காரை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தவன் சூசை. அதை நம்பி அடியில் படுத்து சஸ்பென்ஷனைக் கழற்ற வேண்டியவன் அவனுடைய அக்கா புருஷன் அருளப்பன். வழக்கமாக வண்டியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறவன், இன்று மூன்று தரம் ஆட்டினான். அசையவில்லை. இவன் அறைந்ததில் கன்னம் வீங்கி, இவன் மனைவி தம்பி சூசை வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிறது. சூசை அதைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது நிம்மதியாகப் படுத்திருப்பான். கழற்றிய சக்கரம் ஒன்றை, ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி தன்மேல் விழாமல் தாங்கட்டும் என்று, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, காருக்கடியில் தள்ளி வைத்தான்.

பார்த்துக்கொண்டே இருந்த சூசை, மற்ற சக்கரத்தையும் உருட்டி வந்து பக்கத்தில் வைத்தான்.

“ரெண்டையும் வெக்கச் சொல்லி அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு மச்சான். இப்பப் படுங்க.”