ரெண்டு செட் பிளக்

"ஸ்பார்க் பிளக் ரெண்டு செட் குடுங்க" என்றாள் மாமியார், கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

கடைக்காரர் அவள் பின்னால் நின்ற மருமகளைப் பார்த்தார். "உங்ககிட்ட எத்தனை கார் இருக்கும்மா?"

"ஒண்ணுதாங்க."

"அப்போ ஒரு செட்டு, நாலு பிளக் போதுமே! மாட்டினா வருஷக்கணக்கா ஓடும்."

"ஆமா அத்தை, ஒரு செட்டே போதும்" என்றாள் மருமகள் மெல்ல.

"நீ சும்மா இரு!"

இந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டு என்ன பாடுபடுகிறதோ இந்தப் பெண் என்று பரிதாபப்பட்டார் கடைக்காரர். "சரி, பழைய பிளக் ஒண்ணு காட்டுங்க. அளவு மாறினா இன்ஜினுக்கே ஆபத்து."

"பழசு இல்லீங்க" என்று மருமகள் போனில் காரின் படத்தைக் காட்டினாள். "இந்த மாடல்தான்."

"நாலுமே இல்லையா? திருட்டுப் போயிடுச்சா?"

"வீட்டுத் திருடன்தான்" என்றாள் மாமியார். "இவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. போகக் கூடாதுன்னு என் புள்ள நாலையும் கழட்டி ஒளிச்சு வச்சுட்டான். மாட்டுறதுக்கு ஸ்பானரும் ஒண்ணு குடுங்க. நாங்களே மாட்டிக்கிறோம்."

கடைக்காரர் ஸ்பானரோடு ஒரு செட்டை எடுத்து வைத்தார்.

"இன்னொரு செட் எங்க?"

"இது போதுமேம்மா..."

"போதாது. இதையும் கழட்டுவான். பிடிவாதத்துல அவன் அப்படியே என்னை மாதிரி!"