இடது முன்கை

ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் இசக்கிமுத்து, வேலையை விடப்போவதாகச் சொல்ல என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி சுகந்தியைக் கடைசியாக ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். அன்று நான் வெளியூரில் இருந்தேன்.

“வழியிலயே ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு சார். கன்ட்ரோல் ரூம்ல பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னுட்டாங்க. தாண்டிப் போயிட்டோம். போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க உயிர் போயிருச்சு. இப்ப அந்த வாசலைக் கடந்து வண்டில போகவே முடியலை. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு.”

நான் அவருடைய இடது முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் போடும் கையுறை முடியும் இடத்துக்குச் சற்று மேலே, ஆறிப்போன நான்கு நகக்குறிகள்.

“அவளா?”

“ஆமா சார். கடைசிவரைக்கும் பிடியை விடலை. வீட்டம்மா பிராண்டிட்டாங்களான்னு கூட இருக்கிறவங்க கேலி பண்றாங்க.”

கல்யாணமான மூன்று வருடத்தில் என்னை அவள் ஒருமுறைகூட அப்படிப் பிடித்ததில்லை.

“ஏதாவது சொன்னாளா?”

“என்னையப் பாத்து, போயிராதீங்கன்னாங்க.”

அந்தக் கையை இழுத்து, குறிகளின்மேல் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

“வேலையை விட்டுட்டு எங்க போவீங்க?”

“மச்சான் பம்பாய்ல கடை வச்சிருக்கான் சார். அங்கதான்.”

“போகாதீங்க,” என்றேன். “வேலையை விடாதீங்க. இங்கயே இருங்க.”

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, அழத் தொடங்கினார். கண்ணைத் துடைக்க இடது கையைத் தூக்கப் பார்த்தார். நான் விடவில்லை.