சாலை முடியும் இடம்

இன்னும் ஒரு துண்டு நிலம் சேர்த்தால் இவள் அதையும் தாண்டிப் போய்விடுவாள் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள்.

திரையில் மதிவதனி நின்றிருந்தாள். உயிரோடு இருந்தபோது அவளே கட்டிய கணினி விளையாட்டு நகரத்தில்தான், இறந்த பிறகு அவள் நினைவுகளைப் பதிவேற்றி அவளைக் குடிவைத்திருந்தார்கள். அதன் வரைபடத்தை விரிக்கவும் சுருக்கவும் உரிமை அம்மா தமயந்தியிடம் இருந்தது.

"அம்மா, ரோடு இங்கயே முடிஞ்சுடுது. எல்லாத் தெருவும் நடந்தாச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் திறந்து விடேன்."

"போன தடவ கடற்கரை வெச்சுக் குடுத்தேன். அப்புறம் என்கிட்ட பேசவே வரல நீ."

"அங்க ஃபிரெண்ட்ஸ் கிடைச்சாங்கம்மா. செத்தவளுக்குமா ஹாஸ்டல் வார்டன் வேல பாப்ப?"

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கடற்கரையை அவள்தான் அழித்தாள். ஏதோ கோளாறு என்று மகள் இன்னும் நம்புகிறாள். ஊர் சிறியதாக இருப்பதால்தான் தினமும் சாயங்காலம் திரையருகே வந்து பேசுகிறாள்.

"ப்ளீஸ்மா."

தமயந்தி சாலை முடியும் இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பை வைத்தாள். மதிவதனி ஓடிப் போய் உட்கார்ந்தாள்.

"பஸ் எப்பம்மா வரும்?"

"வரும்டி" என்றாள் தமயந்தி. பஸ் எதையும் அவள் விடவில்லை.