சுட்டால்தான் திறக்கும் கதவு

துப்பாக்கி அவள் கையில் இருந்தது. எதிரே சுவரோரம் முட்டி போட்டிருந்த கிழவர், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடு பாப்பா. என்ன யோசனை?" என்றார் அப்பா.

அவள் சுடவில்லை. கன்ட்ரோலர் வியர்வையில் வழுக்கியது. டிவித் திரையின் அடியில் ‘சுடவும்’ என்று ஒற்றைச் சொல் விட்டுவிட்டு மின்னியது.

உலகமே வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த கேம் அது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருடக்கணக்கில் இழுத்தடித்து, ஒருவழியாகப் போன வாரம்தான் வெளியிட்டார்கள். எல்லோரையும்விட அதிகம் காத்திருந்தவர் அப்பாதான். அதைத் தயாரித்த கம்பெனியில் அவர் வாட்ச்மேன்.

உள்ளே போகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கிற மனிதருக்கு அது ‘நம்ம கம்பெனி’, ‘நம்ம கேம்’. கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சமயம் ஒரு வாரம் முழுக்க முட்டியிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு வீடு வந்து சேர்ந்தார். கேட்டால், "மேல் மாடியில கொஞ்சம் வேலை" என்று மழுப்பினார்.

வயசான மனுஷனைச் சாமான் தூக்கவிட்டு வதைக்கிறார்கள் என்று அவள் கொதித்துப்போனாள். வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள். படித்த படிப்புக்கு நாலு கேள்வியாவது நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவளை, காலில் விழாத குறையாகத் தடுத்து நிறுத்தினார் அப்பா.

இன்றைக்கு, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் கேம் மெஷினை இரவல் வாங்கி வந்து உட்கார்ந்ததும் அவர் நச்சரிப்புத் தாங்காமல்தான். ஆனால் முதல் காட்சியே அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. எரிந்த ஊர், சாம்பல் மழை, காணாமல் போன தம்பியைத் தேடிப் போகிற ஒரு பெண் சிப்பாய்.

எதிரில் வருகிற யாரும் பொம்மையாகவே தெரியவில்லை. மூச்சு வாங்கினால் தோள் ஏறி இறங்கியது. நிஜ ஆட்களை ஓடவிட்டு, அழவிட்டுப் படம்பிடித்துத்தான் இவர்களை உருவாக்கினோம் என்று கம்பெனி முதலாளி பேட்டியில் பீற்றிக்கொண்டது பொய்யில்லை. சீரியல் போட்டால் விளம்பரம் வருவதற்குள் குறட்டை விடுகிற அப்பாவும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அறைக்குள் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

துப்பாக்கியைத் தாழ்த்தினாள், அது தானாகவே மேலே வந்தது. திரும்பி நடந்தாள், வந்த கதவு பூட்டியிருந்தது. எதுவும் செய்யாமல் சும்மா நின்று பார்த்தாள். காதுக்குள் மேலதிகாரியின் குரல், "சுடு, நேரமில்லை" என்று நச்சரித்தது.

"வேற வழியே இல்லையாப்பா?"

"இல்ல. சுட்டாத்தான் அந்தக் கதவு திறக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும், விடேன்." அப்பா கமுக்கமாகச் சிரித்தார்.

"ஒவ்வொரு முடிவும் உங்கள் கையில்னு பஸ்ஸு பஸ்ஸா ஒட்டி வெச்சானுங்களே! இதா என் முடிவு? முடிவை எல்லாம் அவனுங்க எடுத்துட்டு, பாவத்தை மட்டும் நம்ம கையில குடுக்கறானுங்க."

"அட, பொம்மைக்குப் போய் இவ்வளவு பேசறியே!"

"பொம்மைன்னா ஏம்ப்பா இப்படிப் பார்க்குது?"

திரையில் கிழவரின் உதடுகள் அசைந்தன. "என்னை விட்டுடு" என்று யாரோ ஒருவரின் கனத்த குரல் கெஞ்சியது. அந்தக் குரல் அந்த முகத்துக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. தாடி, கிழிந்த கோட்டு, நெற்றியில் வழிகிற ரத்தம் எல்லாவற்றையும் தாண்டி, அந்தக் கண்கள் அவளை விடவே இல்லை.

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள். "என்னங்க, முடிஞ்சுதா அந்த எழவு?"

"இன்னும் சுடவே இல்லடி உன் பொண்ணு! நீயும் வந்து பாரேன்."

"ஐயோ சாமி, என்னை ஆளை விடுங்க. அதைப் பார்க்கிற நெஞ்சு எனக்கில்ல."

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இதுக்குத்தான் இத்தனை வருஷமா என் உயிரை வாங்கினியாப்பா?"

"ஆமா. இந்த ஒரு இடத்துக்குத்தான்."

"என்னால முடியாது. ஆஃப் பண்ணிடறேன்."

அப்பாவின் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. தனக்கென்று ஒரு சட்டைத்துணிகூட அவளிடம் கேட்டிராத மனிதர். வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். அணைக்கப் போன கை பாதியிலேயே நின்றது.

விரல் பட்டனைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சுடு பாப்பா, அப்பா எவ்வளவு நல்லா விழுந்திருக்கேன்னு பார்க்கணும்!"