எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்

தையல்காரரின் மனைவிக்குப் பல வருடமாகக் காதுக்குள் ஓயாத இரைச்சல். டாக்டர்கள் கைவிரித்த பிறகு, அதை அமுக்குவதற்கென்றே தையல்காரர் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிப்போட்டார். இரைச்சல் அமுங்கவில்லை, ரிமோட்டுகள்தான் கூடை நிறையச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் வாங்கிவிடலாம் என்று கடைக்காரரை வரவழைத்தார். சோதித்துப் பார்க்க அவர் இரண்டு கொண்டுவந்தார். விலை கூடியது டிவி, ஸ்பீக்கர் என்று எல்லாப் பெட்டிகளையும் சொன்னபடி ஆட்டிவைத்தது.

"இந்த மலிவு சரக்கையும் பாத்துடுங்கண்ணே. பட்டனை அமுக்கிட்டே இருங்க. எது அணைஞ்சாலும் உடனே விரலை எடுத்துடணும். ரிமோட் அதைப் பிடிச்சு வெச்சுக்கும்."

தையல்காரர் அமுக்கினார். ஒரு பெட்டியும் மசியவில்லை. துவைத்த துணியோடு குறுக்கே போன மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ!"

பதறி விரலை எடுத்தார். "என்னம்மா?"

"நின்னுடுச்சுங்க," என்றாள், கிசுகிசுப்பாக. "காது... சுத்தமா நின்னுடுச்சு."

கடைக்காரர் செருமினார். "அண்ணே, விலை கூடினதையே எடுத்துக்குங்க. இதுல டிவிகூட ஓடலையே."

"டிவி கெடக்குது விடுய்யா. இதைக் கட்டு."

மனைவி இருவரையும் கையமர்த்தினாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருந்தது. அவள் திரும்பவில்லை, தலையை மட்டும் அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. பூ விரியுது, கேக்குது."

ஆண்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மொட்டிலிருந்து முதல் இதழ் அப்போதுதான் மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.