அடக்கத்துக்கு ஒரு கோப்பை

"இந்த வருசம் மறைக்கல்வி வகுப்பிலேயே மிகவும் அடக்கமான பிள்ளை... ஜோசலின்."

கைதட்டல் ஓய்வதற்குள் பெர்னடெட் விறுவிறுவென்று மேடை ஏறினாள். மகள் கையிலிருந்த கோப்பையை வாங்கி, பரிசு மேசையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணாம் டீச்சர். வேற பிள்ளைக்குக் குடுங்க."

தேவாலய மண்டபத்தில் சலசலப்பு.

"திமிரப் பாத்தியா? எம் மவளுக்குக் குடுத்திருந்தா போட்டோ எடுத்து மாட்டியிருப்பேன்," என்றாள் முன்வரிசையில் விமலா.

"அதுக்கு உம் மவ வாய மூடணும் லா," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கத்தரின் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் சம்பளம் இல்லாமல் வந்து சொல்லிக்கொடுப்பவர்.

"என்னம்மா பெர்னடெட், எல்லார் முன்னாலயும் இப்படியா? நான்தான் பாத்துப் பாத்து உங்க மவள எடுத்தேன். வருசம் முழுக்க ஒரு சத்தம் கிடையாது. டியாமா, வாயே தொறக்காம உக்காந்திருக்கும்."

"அவ குரல் எப்படி இருக்கும் டீச்சர்?"

"என்னது?"

"ஒரு வருசமா சொல்லிக் குடுக்கறீங்க. மெல்லிசா இருக்குமா, கட்டையா இருக்குமா? சொல்லுங்க."

டீச்சர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் மைக்கைப் பார்த்தார்.

"வீட்டுல ஓயாம பேசுவா. பூனைக்குக்கூட ஜெபம் சொல்லிக் குடுப்பா. இங்க வந்தா தொண்டை அடைச்சிக்குது. தண்டாஸ் போகணும்னு கேக்க முடியாம பாவாடையிலேயே போயிடறா. நனைஞ்ச பாவாடையோட அசையாம உக்காந்திருந்தத நீங்க அடக்கம்னு நெனச்சிட்டீங்க."

"பொம்பளப் பிள்ள, கொஞ்சம் கூச்சம் இருக்கத்தானே செய்யும். எங்க ரப்பர் தோட்டத்துல நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்."

"இது கூச்சம் இல்ல டீச்சர், பயம்."

கணவன் கிளென் மேடை ஓரம் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். "மானம் போவுது. கப்ப எடுத்துட்டு வா லா, வீட்டுக்குப் போலாம்."

"எடுத்துட்டுப் போயி எங்க வைப்பீங்க? அலமாரிலதானே? தெனம் பாப்பா. வாயத் தொறந்தா கப்பு போயிடும்னு நெனப்பா. அப்புறம் எந்த டாக்டர் வந்தாலும் அவள இங்க பேச வைக்க முடியாது."

ஜோசலின் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள், கோப்பையைத் தானே உடைத்துவிட்டது போல.

டீச்சருக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது.

"நல்லது செஞ்சதுக்கு இதான் பலனா? அண்ணங்காரன் கோலின் மாதிரி இல்லாம இவளாச்சும் ஒழுங்கா இருக்காளேன்னுதான் குடுத்தோம். அவன் கைய ஒதறிக்கிட்டு, பெஞ்சு பெஞ்சாத் தாவி, பக்கத்துப் பிள்ளைங்க சட்டையக் கடிச்சு வெச்சு... நாலு பெத்தவங்க வந்து சத்தம் போட்ட பிறகுதான் வீட்டுலயே வெச்சிக்கச் சொன்னோம். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"ஒரே வயிறுதான் டீச்சர். என்கிட்டருந்துதான் ரெண்டு பேருக்கும் போயிருக்கு."

கடைசி வரிசையில் சாப்பிட மீஹூன் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரம்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சு. பிரஜைல் எக்ஸ்னு ஒரு பரம்பரை நோயாம். எங்கயோ ஒருத்தருக்குத்தான் வருமாம். பையனுக்கு வந்தா பெரும்பாலும் கை கால் அடங்காது, பொண்ணுக்கு வந்தா பல நேரம் வாய் அடங்கிடும்னு டாக்டர் சொன்னாரு."

பெர்னடெட் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய் டீச்சர். அதுக்குத்தான் அவன வெளிய அனுப்பினீங்க, இவளுக்குக் கப்பு குடுக்கறீங்க."